பழைய வண்டி வாங்கியிருக்கீங்களா? ஹீட் முள்ளையும் ஃபேனையும் கவனிக்க இப்படிப் பழகுங்க

என்கிட்ட இருக்கிறது 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பரனூர் டோல்கேட் க்யூவுல முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போயிட்டு இருந்தேன், ஹீட் முள் (டேஷ்போர்டுல என்ஜின் தண்ணியோட சூட்டைக் காட்டுறது) நடுவுல இருந்து கொஞ்சம் மேல போச்சு, மனசு அடிச்சுக்குச்சு, ஆனா அஞ்சு நிமிஷத்துல அதுவா இறங்கி சி (C, அதாவது ஜில்லுன்னு இருக்கிற) பக்கம் வந்து படுத்துக்குச்சு. அப்பாடா, ஃபேன் ஓடி சரி பண்ணிடுச்சுன்னு நினைச்சு டோலைத் தாண்டி நல்லா மிதிச்சேன். செங்கல்பட்டு வர்றதுக்குள்ள இழுவை போச்சு, டக் டக்னு சத்தம், அப்புறம் வண்டி தானா நின்னுடுச்சு. பானட்டைத் திறந்தா கீழ் ஹோஸ் கிளிப் லூஸாகி தண்ணி மொத்தமும் ரோட்டுல போயிருக்கு. முள் ஏன் இறங்குச்சுன்னா, சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் தண்ணியோட சூட்டைச் சொல்லும், தண்ணியே இல்லன்னா வெறும் காத்துல தொங்கிக்கிட்டு ஏதோ ஒரு கம்மி சூட்டைக் காட்டும். ஹெட் (என்ஜினோட மேல் பாகம்) பெண்ட் ஆகி, ஃபேசிங் பண்ணி (தேய்ச்சு மட்டமாக்கி), அதுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட் மாத்தி, பொங்கல் பணம் முழுக்க அங்கேயே போச்சு.

அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், முள்ளு ஏறினாத்தான் பிரச்னைன்னு நினைக்காதீங்க. உங்க வண்டி நல்லா இருக்கிறப்ப முள் எங்க நிக்குது, ஃபேன் எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை ஓடுது, எவ்ளோ நேரம் ஓடுது, இந்த மூணும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சாத்தான் எது மாறினாலும் கண்ணுல படும். ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, வழக்கத்துக்கு மாறா இருந்தா ஓரம் கட்டிப் பாக்கணும். கீழ சொல்றது எல்லாம் அதுக்குத்தான்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சமா பாத்துடுவோம். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் தண்ணி (நான் தண்ணின்னு சொன்னா கூலன்ட் கலந்த தண்ணின்னு எடுத்துக்கங்க) என்ஜினுக்குள்ளேயே சுத்தும், ரேடியேட்டருக்குப் போகாது, நடுவுல தெர்மோஸ்டாட் வால்வு அடைச்சுட்டு இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும், ஆனா பொதுவா 82லேர்ந்து 88 டிகிரிக்குள்ள அது திறக்க ஆரம்பிக்கும். திறந்ததும் சூடு தண்ணி மேல் ஹோஸ் வழியா ரேடியேட்டருக்கு வந்து, ஆறி, கீழ் ஹோஸ் வழியா திரும்பப் போகும். வண்டி ஓடிக்கிட்டு இருந்தா எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். சிக்னல்ல நின்னா காத்து இல்ல, சூடு ஏறும், 95க்குப் பக்கத்துல எங்கயாவது ஃபேன் சுவிட்ச் ஒட்டிக்கும் (ஆன் ஆகும்), ஃபேன் ஓடும், அஞ்சாறு டிகிரி இறங்கினதும் நிக்கும். அம்பாசடர் வச்சிருக்கவங்களுக்கு இந்தக் கதையே இல்ல, அதுல என்ஜின் நேர் வாக்குல உக்காந்திருக்கு, ஃபேன் பெல்ட்லயே ஓடுது, என்ஜின் ஓடினா ஃபேனும் ஓடும். 800, ஜென், சான்ட்ரோ மாதிரி வண்டியில என்ஜின் குறுக்கு வாக்குல இருக்கு, பெல்ட் பக்கம் சக்கரத்தைப் பாத்து இருக்கு, அதனால ரேடியேட்டருக்குத் தனியா கரன்ட் ஃபேன் வச்சுத்தான் ஆகணும், கரன்ட்ல ஓடுறதுன்னா ஃப்யூஸ், ரிலே (மோட்டாருக்குப் போற பெரிய கரன்ட்டை ஆன், ஆஃப் பண்ற குட்டிப் பெட்டி), சுவிட்ச், ஒயர், எர்த்னு (கரன்ட் பாடி இரும்பு வழியா திரும்பப் போற இடம்) பழுதாக நாலஞ்சு இடம் கூடவே வரும்.

இன்னொண்ணு ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்ல, அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற வால்வு. மேல 0.9, 1.1ன்னு ஏதாவது நம்பர் அடிச்சிருக்கும், அது பார் கணக்கு. 0.9 அழுத்தத்துல வெறும் தண்ணியே 118, 119 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியோட ரப்பர் போயிருந்தா அந்த அழுத்தம் நிக்காது, 100லேயே கொதிச்சு, ரேடியேட்டரோட சேத்திருக்கிற பிளாஸ்டிக் டப்பா வழியா வெளிய தள்ளிடும். நூத்துக்கணக்குல போற சின்ன சாமான்தான், ஆனா நிறைய பேர் இதை விட்டுட்டு ஆயிரக்கணக்குல ரேடியேட்டரை மாத்தியிருக்காங்க.

சரி வேலைக்கு வருவோம்.

காலையில, வண்டி ஆறி இருக்கிறப்ப

நல்லா ஆறின வண்டியில மட்டும்தான் மூடியைத் திறக்கணும், அதுக்கு ராத்திரி முழுக்க நின்ன வண்டிதான் நல்லது. சூடா இருக்கிறப்ப திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துக்கே வரும், துணி போட்டுத் திறக்கலாம்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, நான் ஒருத்தர் கையைப் பாத்திருக்கேன். ஆறின வண்டியில மூடியைத் திறந்தா தண்ணி கழுத்து வரைக்கும் நிக்கணும். பிளாஸ்டிக் டப்பாவுல மின், மேக்ஸ் கோட்டுக்கு நடுவுல இருக்கணும். புதுசா வாங்கினவங்க செய்யற தப்பு, டப்பாவை மட்டும் பாத்துட்டு ஓகேன்னு விட்டுடறது. மூடி கெட்டிருந்தா டப்பா நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும், ரெண்டையும் பாருங்க. (சில வண்டியில ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, டப்பா மேலயே அழுத்த மூடி இருக்கும், அதுக்கு டப்பாதான் கணக்கு.)

அப்படியே தண்ணியோட நிறத்தைப் பாருங்க. பச்சையோ சிவப்போ தெளிவா இருந்தா நல்லது. காவி நிறத்துல இருந்தா உள்ள துரு. வெறும் போர் தண்ணியை ஊத்தி ஊத்தி ஓட்டின வண்டின்னா ரேடியேட்டர் வாயிலேயே வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், வீட்டு கெட்டில்ல படியுற அதே உப்புதான், ரேடியேட்டர் குழாய் அதை விட சின்னது, யோசிச்சுக்கங்க. கூலன்ட் நம்ம ஊருக்கு எதுக்கு, இங்க என்ன பனியா கொட்டுதுன்னு கேக்கறவங்க இருக்காங்க, உறையாம இருக்கிறது அதோட ஒரு வேலை, நமக்கு வேண்டியது துரு பிடிக்காம பாத்துக்கிறதும் கொதிநிலையைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கிறதும். பாதிக்குப் பாதி கலந்தா ஆறேழு டிகிரி கூடும். கலக்குறதுக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க. ரெடியா கலந்தே வர்ற கூலன்ட்ல மறுபடி தண்ணி சேக்காதீங்க, கேன் மேல என்ன போட்டிருக்குன்னு படிங்க. உள்ள எந்த வகை இருக்குன்னு தெரியலன்னா மொத்தமா இறக்கிட்டுப் புதுசு ஊத்துறது நல்லது, ரெண்டு வகையைக் கலந்தா குழகுழன்னு ஆகிற ஆபத்து இருக்கு. இறக்கின கூலன்ட்டைத் திறந்து வைக்காதீங்க, இனிப்பா இருக்கும், நாய் குடிச்சுடும், விஷம்.

ஹோஸ் எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தாலும், பஞ்சு மாதிரி இருந்தாலும் மாத்திடுங்க. கிளிப்பை ஸ்க்ரூடிரைவர் வச்சு ஒரு திருகு, என் கதைதான் கேட்டீங்களே. ஆறின வண்டியில மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டிக் கிடந்தா மூடியில இருக்கிற சின்ன வால்வு வேலை செய்யல, ஆறுறப்ப டப்பாவுல இருந்து தண்ணியை உள்ள இழுக்க விடாம அடைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், மூடியை மாத்துங்க, ஹோஸை இல்ல.

ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச்

இது அரை மணி நேர வேலை, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். மூடியைப் போட்டுட்டு, ஏசி ஆஃப்ல வச்சு, வண்டியை நிழல்ல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்க, ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க. முதல்ல மேல் ஹோஸை அப்பப்ப லேசா தொட்டுப் பாருங்க, ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருந்துட்டு சட்டுன்னு சூடாகும், அதுதான் தெர்மோஸ்டாட் திறந்த நேரம், எழுதிக்கங்க. அந்த நேரத்துல முள் எங்க இருக்குன்னு ஃபோன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க. அப்புறம் கையை வெளிய எடுத்துடுங்க, இனி ஃபேன் எப்ப வேணா ஓடும், சட்டை முனை, துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஃபேன் முதல் தடவை ஓட ஆரம்பிச்ச நேரம், நின்ன நேரம், மறுபடி ஓடின நேரம், இப்படி நாலு சுத்து எழுதுங்க. என் வண்டியில சாயங்காலம் 32 டிகிரி இருந்தப்ப எழுதினது: ஸ்டார்ட் பண்ணி 14ஆவது நிமிஷம் முதல் ஓட்டம், 50 செகண்ட் ஓடுச்சு, ரெண்டரை நிமிஷம் சும்மா இருந்துச்சு, மறுபடி 50, 55 செகண்ட். உங்க வண்டிக்கு இந்த நம்பர் வராது, வரவும் வேண்டாம், உங்க நம்பர்தான் உங்களுக்கு வேணும். அன்னிக்கு வெளிய என்ன வெயில்னும் பக்கத்துல எழுதிக்கங்க, மார்கழி காலையில எடுத்ததையும் கத்திரி மத்தியானத்துல எடுத்ததையும் ஒண்ணா வச்சுப் பாத்தா குழப்பம்தான் வரும்.

இதையே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுங்க. 50 செகண்ட் ஓடின ஃபேன் அதே வெயில்ல ஒன்றரை நிமிஷம் ஓடுதுன்னா, முள் அசையலன்னாலும் ஏதோ ஆரம்பிச்சிருக்கு. ரேடியேட்டர் உள்ள அடைக்குது, இல்ல வெளிய தூசி, இல்ல மோட்டார் சோர்ந்து மெதுவா சுத்துது. நிறைய வண்டியில டேஷ்போர்டு முள்ளை ஓட்டுறவங்க பயப்படக் கூடாதுன்னு நடுவுலேயே நிக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, உள்ள 15, 20 டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாது, அது கிளம்பி மேல போறப்ப நமக்கு மிச்சம் இருக்கிற நேரம் ரொம்பக் கம்மி. ஃபேன் கணக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிடும்.

ஃபேன் ஓடவே இல்லன்னா

மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, முள் நடுவைத் தாண்டுது, ஃபேன் அசையல. என்ஜினை நிறுத்துங்க. ஆறினதுக்கு அப்புறம் இந்த வரிசையில போங்க, நேரா போய் மோட்டார் வாங்கிடாதீங்க.

மொதல்ல ஃப்யூஸ். கழட்டி வெளிச்சத்துல பாருங்க, கம்பி அறுந்திருந்தா அதே ஆம்பியர்ல மாத்துங்க, பெருசு போட்டா ஒயர் எரியும். மாத்தினதும் மறுபடி போச்சுன்னா மோட்டார் ஜாம் ஆகி இழுக்குது இல்ல ஒயர் எங்கயோ உரசுது. ஃப்யூஸ் நல்லா இருந்தா ரிலே, நிறைய வண்டியில ஹாரன் ரிலேவும் ஃபேன் ரிலேவும் ஒரே மாதிரிதான், மேல இருக்கிற நம்பர் ஒண்ணான்னு பாத்துட்டு இடம் மாத்திப் போட்டுப் பாருங்க, ஃபேன் ஓடி ஹாரன் ஊமையாச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு.

அடுத்தது ஃபேன் சுவிட்ச். ரேடியேட்டர் பக்கமோ தெர்மோஸ்டாட் பக்கமோ திருகி வச்சிருக்கும், ரெண்டு ஒயர் போகும், சிலதுல ஒத்தை ஒயர். சாவியை ஆன்ல மட்டும் வச்சு, கனெக்டரைக் கழட்டி, ரெண்டு ஒயரையும் சின்ன ஒயர் துண்டால சேத்துப் பாருங்க, ஒத்தை ஒயர்னா அதை பாடி இரும்புல தொடுங்க. ஃபேன் சர்ர்னு ஓடினா ரிலே, மோட்டார், ஒயர் எல்லாம் நல்லா இருக்கு, சுவிட்ச்தான் செத்துப் போச்சு. இது ஃபேன் சுவிட்ச் இருக்கிற பழைய வண்டிக்கு மட்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் போற வண்டி) பலதுல ஃபேனை ஈசியூதான் (என்ஜினோட கம்ப்யூட்டர்) ஓட்டும், அங்க இப்படி ஒயரைச் சேக்காதீங்க, அதுக்குப் பதிலா என்ஜின் ஓடுறப்ப டெம்பரேச்சர் சென்சார் கனெக்டரைக் கழட்டினா, சென்சார் போச்சுன்னு ஈசியூ பயந்து ஃபேனை ஓட விடும், எல்லாத்துலயும் இல்ல, நிறைய வண்டியில. செக் என்ஜின் லைட் வரும், கனெக்டரை மாட்டினதும் சில ஓட்டத்துல போயிடும், இல்லன்னா ஸ்கேனர் வச்சு அழிக்கணும்.

சுவிட்சைக் கழட்டினவங்க அடுப்புல ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு மல்டிமீட்டர் பீப் மோட்ல டெஸ்ட் பண்ணலாம், தண்ணி கொதிக்கிறதுக்குள்ள பீப் அடிக்கணும், இறக்கி ஆற வச்சா நிக்கணும். சமையல் பாத்திரத்துல பண்ணி வீட்டுல வாங்கிக் கட்டிக்காதீங்க. சென்னை, மதுரைன்னா இது சரியா வரும், ஊட்டியில பண்ணா வராது, 2,240 மீட்டர் உயரத்துல தண்ணி 93க்குள்ளேயே கொதிச்சுடும், 95ல ஒட்டுற சுவிட்ச் நல்லதா இருந்தாலும் செத்த மாதிரிதான் தெரியும்.

எதுவும் சரி வரலன்னா மோட்டார் கனெக்டரைக் கழட்டி, நடுவுல 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஒயரால பேட்டரியில இருந்து நேரா குடுங்க, ப்ளஸ் மைனஸ் மாத்திடாதீங்க. நேரா குடுத்தும் ஓடலன்னா மோட்டார் போச்சு. நேரா குடுத்தா வேகமா ஓடுது, வண்டியில மாட்டினா மெதுவா ஓடுதுன்னா எர்த் பாயின்ட்டைத் தேடுங்க, பாடியில திருகின இடம் துருப் பிடிச்சிருக்கும், சுரண்டி இறுக்கினா வேலை முடிஞ்சுது. ஃபேன் ஓடுறப்ப மோட்டார் ரெண்டு ஒயருக்கும் நடுவுல வோல்ட் பாருங்க, பேட்டரியில இருக்கிறதை விட 1 வோல்ட்டுக்கு மேல கம்மியா இருந்தா நடுவுல எங்கயோ தின்னுது.

மோட்டாரை மாத்தியிருந்தா கட்டாயமா ஒரு பேப்பர் டெஸ்ட். ஃபேன் ஓடுறப்ப கிரில் முன்னாடி ஒரு பேப்பரைக் காட்டுங்க, உள்ள இழுத்து ஒட்டிக்கணும் (ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி என்ஜின் பக்கம் இருக்கிற வண்டிக்குச் சொல்றேன்). பேப்பர் வெளிய பறந்தா ஒயரை மாத்திக் குடுத்திருக்காங்க, ஃபேன் எதிர்க்காத்தோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜென் இப்படி எட்டு மாசம் ஓடுச்சு, அதுக்கு ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்தியாச்சு.

ஏசி வச்சு ஒரு டெஸ்ட்

நிறைய வண்டியில ஏசி போட்டா ஃபேன் தனி வழியில ஓடும், சுவிட்ச் ஒட்டணும்னு காத்திருக்காது. அதனால ஏசி போட்டே ஓட்டுறவங்களுக்கு ஃபேன் சுவிட்ச் செத்ததே தெரியாது, ஒரு நாள் ஏசி இல்லாம டிராஃபிக்ல மாட்டுறப்பதான் தெரியும். ஏசி போட்டா முள் இறங்குது, ஆஃப் பண்ணா ஏறுதுன்னா அது சுவிட்ச், ரிலே பக்கத்துப் பிரச்னை. ஏசி போட்டதும் முள் ஏறுதுன்னா காத்து பத்தல, ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்சருக்கும் (ரேடியேட்டர் மாதிரியே இருக்கிற ஏசி பாகம்) நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க, பூச்சி, இலை, பஞ்சு எல்லாம் மெத்தை மாதிரி கிடக்கும். வீட்டு ஹோஸ் பைப்ல என்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி விடுங்க. வாட்டர் வாஷ் கடையில பிரஷர் கன்னால அடிக்க விடாதீங்க, ஃபின் (ரேடியேட்டர்ல இருக்கிற மெல்லிசு தகடு) எல்லாம் மடிஞ்சு இருக்கிற கொஞ்சம் வழியும் அடைச்சுக்கும்.

சொந்தமா ஒரு மீட்டர்

முள்ளை நம்பப் பிடிக்கலன்னா, மீன் தொட்டி, ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குல்ல, நீள ஒயரோட நுனியில ப்ரோப் வர்றது, அதுல 110 டிகிரி வரைக்கும் காட்டுறது கிடைக்கும், விலை சில நூறுக்குள்ள. ப்ரோப்பை மேல் ஹோஸ் மாட்டியிருக்கிற அலுமினிய எல்போ மேல வச்சு, மேல ஒரு துண்டு ஃபோம் மூடி, சூடு தாங்குற டேப்பால இறுக்கிச் சுத்திடுங்க, ஒயரை ஃபேன், பெல்ட் பக்கம் போகாம கட்டி ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ரப்பர் ஓட்டை வழியா உள்ள கொண்டு வாங்க. வெளிப்பக்கத்தைத்தான் தொடுதுங்கறதால உண்மையை விட சில டிகிரி கம்மியா காட்டும், பரவாயில்ல, ஃபேன் ஓடுறப்ப இது 88ன்னு காட்டினா 88தான் உங்க ஃபேன் நம்பர், 95 காட்டியும் ஃபேன் வரலன்னா முழிச்சுக்கங்க. லேசர் துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டர் வச்சிருந்தாலும் சரிதான், ஆனா பளபளன்னு இருக்கிற அலுமினியத்துல அது ரொம்பக் கம்மியா காட்டும், கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிங்க.

இதோட ஃபேனுக்கு ஒரு எல்இடி போட்டா இன்னும் நல்லது, ரோட்டுச் சத்தத்துல ஃபேன் ஓடுறது கேக்காதுல்ல. 12 வோல்ட் எல்இடி ரெசிஸ்டரோட ரெடியா விக்குது, அதை மோட்டாரோட ரெண்டு ஒயருக்கும் குறுக்க மாட்டுங்க, நடுவுல 1 ஆம்பியர் ஃப்யூஸ். ப்ளஸ்ல இருந்து மட்டும் எடுத்து எர்த் பண்ணிடாதீங்க, சில வண்டியில மோட்டாருக்கு ப்ளஸ் எப்பவும் இருக்கும், மைனஸைத்தான் சுவிட்ச் பண்ணுவாங்க, அப்ப லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஹைவேயில வேகமா போறப்ப மங்கலா மினுக்கினா பயப்படாதீங்க, காத்து ஃபேனைச் சுத்துது, மோட்டார் டைனமோ ஆயிடுச்சு, அவ்ளோதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, லைட் எரிஞ்சா கரன்ட் போகுதுன்னுதான் அர்த்தம், ஃபேன் சுத்துதான்னு நீங்கதான் இறங்கிப் பாக்கணும்.

ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டுற இடம்) இருக்கிற வண்டின்னா ப்ளூடூத் கருவி மாட்டி ஃபோன்லயே டிகிரி பாக்கலாம், சுலபம். ஆனா 2010க்கு முந்தின பல வண்டிகள்ல சாக்கெட் இருந்தாலும் இந்தச் சாதாரண கருவியோட பேசாது, வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியிற பழக்கம்

ஹீட் ஆகுதுன்னு போனா, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு இதுல மாற்றுக் கருத்தே கிடையாது, கழட்ட விடாதீங்க. அது இல்லாம என்ஜின் சூடாகவே ரொம்ப நேரம் ஆகும், காலையில குளிர்ல ஹைவேயில போனா முள் சி விட்டு எழும்பாது, ஜில்லுன்னு ஓடுற என்ஜின் பெட்ரோல் நிறைய குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், தேய்மானமும் கூடும். ஹீட் ஆனதுக்கு உண்மையான காரணம் அடைச்ச ரேடியேட்டரா இருந்தா அது அப்படியே இருக்கும், கொஞ்ச நாளைக்கு மறைஞ்சு இருக்கும், ஏலகிரி ஏறுறப்ப வெளிய வரும். நீங்க வாங்கின வண்டியில அது இருக்கான்னு தெரிஞ்சுக்க மேல சொன்ன ஹோஸ் டெஸ்ட்டே போதும், ஸ்டார்ட் பண்ணதுல இருந்து மேல் ஹோஸ் என்ஜினோட சேந்தே மெது மெதுவா சூடாகுதுன்னா உள்ள ஒண்ணும் இல்ல, இல்ல திறந்தே மாட்டிக்கிச்சு.

ரோட்டுல

எங்க ஹீட் ஆகுதுங்கறதுதான் பாதி பதில். டிராஃபிக்ல ஏறி ஹைவே வந்ததும் இறங்கினா ஃபேன் பக்கம். டிராஃபிக்ல ஒழுங்கா இருந்து எண்பதுல போறப்ப ஏறினா ஃபேனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ரேடியேட்டர் அடைப்பு, தண்ணி கம்மி, வாட்டர் பம்ப், பாதி திறந்த தெர்மோஸ்டாட் இதுல ஒண்ணு. ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலேயே மேல போய் ஹோஸ் இன்னும் ஜில்லுன்னு இருந்தா தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டியிருக்கு. முள் தாவித் தாவிக் குதிச்சா உள்ள காத்து, இல்ல தண்ணி கம்மி, இல்ல சென்சார் ஒயர் லூஸ்.

மலை ஏறுறப்ப தனி ஜாக்கிரதை, கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல என்ஜின் முழு பாரம் இழுக்கும், வேகம் இருபதுக்குள்ள, காத்தே இருக்காது, ஃபேன் ஒண்ணுதான் துணை. கியரை ஒண்ணு குறைச்சே ஏறுங்க, பம்ப் வேகமா சுத்தும், என்ஜினை அமுக்கி இழுக்க வைக்காதீங்க. ஃபேன் நிக்காம ஓடுறது அங்க சகஜம்தான், அதோட முள்ளும் ஏறுதுன்னா அகலமான வளைவு பாத்து நிறுத்துங்க.

ஏறிடுச்சுன்னா: ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டர் இருந்தா முழுசா வச்சு ப்ளோயரை ஓட விடுங்க, கண்ணாடியை இறக்கிக்கங்க, வேர்க்கும், பரவாயில்ல, ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரம் கட்டுங்க. ஸ்டீம் வருது, தண்ணி சொட்டுது, ஆயில் லைட் எரியுதுன்னா உடனே ஆஃப். அது எதுவும் இல்லாம ஃபேனும் ஓடுதுன்னா ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டுப் பாருங்க, ஏன்னா பட்டுன்னு நிறுத்தினா தண்ணி ஓட்டம் நின்னு உள்ள சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். முள் இறங்கலன்னா ஆஃப் பண்ணிடுங்க, சில வண்டியில சாவியை ஆன்ல மட்டும் வச்சாலும் ஃபேன் ஓடும், ஓடினா விடுங்க. பானட்டைத் திறந்து வச்சுட்டு ஒரு மணி நேரம் டீ குடிங்க, அது வரைக்கும் மூடி மேல கை போகக் கூடாது. என்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தறேன்னு நல்ல மனசோட ஒருத்தர் குடத்தோட வருவார், தடுத்துடுங்க, 800ல பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், சூட்டுல ஒரு பக்கம் மட்டும் ஜில்லுன்னு ஆனா ஹெட் வளைஞ்சுடும். நல்லா ஆறினதும் ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தி, ஒழுகலன்னா மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டியில ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பேர் கிளிப், ஸ்பேர் ஃப்யூஸ் எப்பவும் கிடக்கட்டும்.

ஒரு தடவை நல்லா ஹீட் ஆன வண்டின்னா அடுத்த ரெண்டு வாரம் இதெல்லாம் பாருங்க: ஆயில் மூடியைத் திறந்தா உள்ள பாலேடு மாதிரி வெளுப்பா ஒட்டியிருக்கா, சைலன்ஸர்ல சூடானதுக்கு அப்புறமும் வெள்ளைப் புகை வருதா, காலையில ஸ்டார்ட் பண்ண ஒரே நிமிஷத்துல, தண்ணி இன்னும் ஜில்லுன்னு இருக்கிறப்பவே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா, டப்பாவுல விடாம குமிழி வருதா. இதுல ஒண்ணு இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும், ஃபேனை நோண்டிப் பிரயோஜனம் இல்ல.

மெக்கானிக்கிட்ட போறப்ப அந்த நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. "ஹீட் ஆகுதுண்ணே"ன்னு சொன்னா அவர் தெர்மோஸ்டாட்ல இருந்து ஆரம்பிப்பார். "அண்ணே, ஏசி ஆஃப்ல 50 செகண்ட் ஓடின ஃபேன் இப்ப ரெண்டு நிமிஷம் ஓடுது, ஹைவேயில ஒண்ணும் இல்ல, சுவிட்சும் ரிலேவும் பாத்துட்டேன், மோட்டார்ல 11 வோல்ட்தான் வருது"ன்னு சொல்லிப் பாருங்க, அவரே டார்ச்சை எடுத்துக்கிட்டு எர்த் ஒயரைத் தேடிப் போயிடுவார்.